மூடுபனிக்கு வரி கேட்டு ஒரு விண்ணப்பம்

லிமாவில் மழை பெய்யாது.
ஆறு மாதம் வானம்
பிழியாத போர்வைபோல்
குன்றின்மேல் கிடக்கும்.

இந்தப் பக்கம் பலகை வீடுகள், நீலப் பீப்பாய்கள்.
அந்தப் பக்கம் நீச்சல்குளங்கள்.
நடுவில் சுவர்.
சுவர்மேல் முள்கம்பி,
கம்பியில் என்றோ சிக்கிய ஒரு பட்டத்தின் வால்.

எர்மெலிந்தா அந்தப் பக்கத்து வீடொன்றில்
நாய் குளிப்பாட்டுகிறாள்,
வாரம் இருமுறை, ஷாம்பு போட்டு.
நாயின் பெயர் துக்கேசா,
சீமாட்டி என்று பொருள்.
மாலையில் மேடேறி வந்து
அரைக் குவளையில் முகம் கழுவுவாள்.
அதே நீரில் உருளைக்கிழங்கின் மண் போகும்.
மிச்சம், வாசல் புழுதிக்கு.
அங்கே குழாயில் வரும் தண்ணீரைவிட
இங்கே லாரியில் வரும் தண்ணீர்
பத்து மடங்கு விலை.

குறைகேட்பு நாளில்
நகராட்சி மன்றத்தில் அவள் எழுந்தாள்.
கோடு போட்ட தாள், நான்காய் மடித்தது.

"மாண்புமிகு அவையோரே,
மேட்டுக்குடி மக்களாகிய நாங்கள்
(மேட்டில்தானே குடியிருக்கிறோம்)
ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறோம்.
இரவில் நைலான் வலை கட்டி
மூடுபனியைப் பிடிக்கிறோம்.
விடிந்தால் பீப்பாயில் இரண்டு விரற்கடை நீர்.
இன்றுவரை இதற்கு
ஒரு காசு கட்டியதில்லை.
உறுத்துகிறது.

மூடுபனி கடலிலிருந்து வருகிறது,
கடல் அரசாங்கத்துடையது.
வரும் வழியில் கீழ்த்தெருப் பெரியவர்களின்
மொட்டைமாடிகளைத் தொட்டுத்தான் வருகிறது.
ஆக, அவர்கள் உடுத்திக் கழித்த மூடுபனி.
பழைய சட்டைக்கே நன்றி சொல்கிறவர்கள்
இதைச் சும்மா குடிக்கலாமா?

சுவருக்கும் நன்றி.
அது இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள்
நீச்சல் பழகிக் கெட்டுப்போயிருப்பார்கள்.

துளிக்கு இவ்வளவு என்று வரி போடுங்கள்.
மூச்சோடு உள்ளே போகும் ஈரத்தையும் சேருங்கள்.
குழந்தைகளுக்குச் சின்ன மூக்கு, பாதி வரி.
காசநோய்க்காரர்களுக்கு விலக்கு கேட்கிறோம்,
வாங்கியதை அவர்கள்
இருமித் திருப்பித் தந்துவிடுகிறார்கள்."

வஞ்சப்புகழ்ச்சி என்று
நம் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது.
அவளுக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கவில்லை.
முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.
சிரித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.
பக்கத்தில் தெயோதோரா
சால்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உறுப்பினர் லிசார்தோ
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
"நல்ல யோசனைதான். ஆனால் எப்படி அளப்பது?"
கேட்டுக்கொண்டே எழுதினார்:
மூடுபனி, மீட்டர், டெண்டர்.

சட்டென்று தட்டச்சு நின்றது.
பதினேழு வருடமாக அவைக்குறிப்பு எழுதும் பவுஸ்தினோ,
கூட்டத்தில் தும்மக்கூட அனுமதி கேட்கிறவர்,
மூக்கால் சிரித்தார்.
மெதுவாக, ஒரு முறை.
அப்புறம் பின்வரிசை.
அப்புறம் வாசலில் நின்ற காவலாளி,
அவன் வீடும் மேட்டில்தான்.

லிசார்தோ தான் எழுதியதைத் தானே படித்தார்.
காது சிவந்தது.
அடித்தார்.
அடித்த கோட்டுக்கு அடியிலும்
டெண்டர் தெரிந்தது.

தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள்.
ஒரு கடிதம் வந்தது:
தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.
லாரியும் வந்தது,
ஒரு பீப்பாய் அதே நான்கு சோல்.
ஓட்டுநர் குழாயைப் பிரித்தபடி கேட்டான்:
"மூடுபனி சேர்த்தா, சேர்க்காமலா?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
முன்பெல்லாம் அந்த வரிசையில்
சண்டை மட்டும்தான் நடக்கும்.

எர்மெலிந்தா சிரிக்கவில்லை.
பீப்பாயை விரலால் தட்டிப் பார்த்தாள்,
எதுவரை நிறைந்திருக்கிறது என்று.
வீட்டில் புதுத் தாள் ஒன்று
நான்காய் மடிந்து காத்திருந்தது.

மாண்புமிகு அவையோரே,
எங்கள் தெருப் பிள்ளைகள் அறுபத்துமூன்று பேரையும்
துக்கேசாவின் தங்கை தம்பிகளாகப்
பதிவுசெய்து தரும்படி
பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.
வாரம் இருமுறை போதும்.
ஷாம்பு வேண்டாம்.